காந்த வளையத்தைத் திருப்பிய வாரம்

திங்கள்

இன்று காந்த வளையத்தைத் திருப்பத் தொடங்கிவிட்டோம். திருப்பி, மறுபடி பூட்டி, துகளைப் பிடிக்கும் தகடுகளை நேர்ப்படுத்தி முடிக்கும்வரை மலைக்குள் என்ன நடக்கிறதென்று பார்க்க யாருமில்லை. வெளியே மழை. திருப்பலாம் என்று முதலில் சொன்னவள் நான்.

மாலை வகுப்பில் இயற்பியல் எடுக்கும் மேடம் ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். தெரிந்ததை ஒரு பத்தியில் எழுது, நினைப்பதை வேறு பத்தியில் எழுது, இரண்டையும் கலக்காதே என்பார். பகலில் இந்த ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த வேலை, மாலையில் டவுனில் வகுப்பு, பிறகு இந்த டைரி என்று என் நாள் ஓடுகிறது.

தெரிந்தது: குயில்மட்டம் மலையின் அடிவாரத்தில், பழைய தேயிலைக் கிடங்கில், எங்கள் கருவி இருக்கிறது. ஊரில் இதற்கு ‘மலை ஸ்கேன்’ என்று பெயர். வானத்திலிருந்து ஓயாமல் வந்து விழும் மியூவான் துகள்களில் சில மலையைத் துளைத்துக்கொண்டு வந்து எங்கள் காந்த வளையத்துக்குள் நுழைகின்றன. அவை எவ்வளவு வளைகின்றன என்பதை வைத்து மலையின் உள்ளே படம் போடுகிறோம். தீபாவளிக்குப் பிறகு தெளிந்த முதல் படத்தில் கிழக்குச் சரிவுக்குள் கறுப்பாக ஒரு கறை இருந்தது. கறை என்றால் அந்த இடம் திடமாக இல்லை, உள்ளே பொக்கை என்று பொருள். கிழக்கு லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களை அரசாங்கம் வெளியேற்றி, மேற்குச் சரிவின் கீழே உள்ள பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருக்கிறது. என் அக்கா சிவகாமியும் மாமாவும் குழந்தையும் அங்கேதான் இருக்கிறார்கள்.

நினைப்பது: கருவி புதிது. காந்தத்தை ஒருமுறை திருப்பி வைத்துப் பார்க்காமல் படத்தை நம்பக் கூடாது என்று கையேட்டிலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் மலையைக் கண்காணிக்காமல் விடக் கூடாது என்று எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் இந்திரகுமார் சார் அதைத் தள்ளிப் போட்டார். “எங்க பக்கம் மட்டும் எப்படி ஓட்டையாகும், மிஷினைச் சரி பாருங்க” என்று லயத்து ஆட்கள் மறியல் செய்ததும் மாட்டிக்கொண்டார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

ஃபிட்டர் ஸ்டீபன் அண்ணன் வாசலில் ஒரு பிஸ்கட் டின்னோடு நின்றார். “ஊக்கு, சாவி, செல்போன், கொண்டை ஊசி எல்லாம் இதுல போடுங்க. உள்ள போனா காந்தம் பிடுங்கிக்கும், அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது.” என் துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிப் போட்டேன். சங்கிலிக் கப்பியில் வளையம் மெல்ல உருண்டது. பெரிய வெல்லப்பாகு கொப்பரையைக் கவிழ்த்து வைத்த மாதிரி அகலம். அது ஒவ்வொரு பல்லாக நகரும்போதும் எனக்கு மலை நகர்வதுபோல் இருந்தது.

செவ்வாய்

பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். ஐந்தாம் வகுப்பு அறையில் நான்கு குடும்பங்கள். கரும்பலகையில் யாரோ ‘சமையல் முறை’ என்று போட்டுப் பெயர்களை எழுதியிருந்தார்கள்.

“மிஷினை நிறுத்திட்டீங்களாமே?” என்றார் பாலகுரு மாமா. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போக முடியாமல் இத்தனை நாள் கூலி போன கடுப்பு அவர் முகத்தில் இருந்தது.

“நிறுத்தல மாமா. திருப்பி வைக்கிறோம்.”

“எதுக்கு? முதுகு வலிக்குதாமா அதுக்கு?”

அக்கா சிரித்தாள். “நீங்க சும்மா இருங்க. ஏன்டி, உண்மையிலயே அது மலைக்குள்ள பாக்குதா?”

எனக்கு விளக்கத் தெரியும் என்று ஒருபோதும் தோன்றியதில்லை. முயன்றேன். “மேட்டுப்பாதையில காத்து அடிக்கிறப்ப லாரி நேராப் போகும், சைக்கிள் சாயும்ல? காந்தம் அந்தக் காத்து மாதிரி. வேகமான துகள் நேரா போகும். மெதுவானது வளையும்.”

“சரி.”

“பாறை கெட்டியா இருந்தா மெதுவான துகளெல்லாம் உள்ளேயே நின்னுடும். லாரி மட்டும்தான் வெளிய வரும். பொக்கையா இருந்தா சைக்கிளும் வந்துடும். சைக்கிள் நிறைய வந்தா அந்த இடம் சரியில்லைன்னு அர்த்தம்.”

“இப்ப காத்தை எதிர்ப்பக்கமா அடிக்க விடுறீங்க.”

“ஆமா. எந்தப் பக்கம் அடிச்சாலும் மலை ஒரே மாதிரிதானே இருக்கணும்?”

“படிச்சவளே,” என்றார் மாமா, “அதுவரைக்கும் காத்தே இல்ல. மழை மட்டும்தான் இருக்கு.”

குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வகுப்புக்கும் போகவில்லை.

வெள்ளி

வளையம் புதன்கிழமையே பூட்டியாயிற்று. துகள்கள் சேரச் சேரப் படம் மெதுவாகத் தெளிகிறது. கண்ணாடியில் படிந்த ஆவி காய்வது மாதிரி. என்ன தெரியப்போகிறதோ என்று பயந்துகொண்டே பார்க்கிறேன். பார்க்காமல் இருந்தால் அதைவிட பயமாக இருக்கிறது.

சனி

இன்று மதியம் படம் தெளிந்துவிட்டது. கிழக்கில் கறை இல்லை. மேற்கில் இருக்கிறது.

இந்திரகுமார் சார் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். “பாத்தியா தவமணி? மலையோட நோய்னா மலையிலயே இருக்கணும். காந்தத்தைத் திருப்பினா நோயும் கூடவே திரும்புதுன்னா, அது காந்தத்தோட நோய்.”

“அப்ப கிழக்கு லயம்?”

“நல்லா இருக்கு. ரெண்டு பக்கமும் நல்லா இருக்கு. அந்தச் சனங்களைத்தான் நாம படாத பாடு படுத்திட்டோம்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உடனே தாசில்தாருக்குப் பேசினார். திங்கட்கிழமை காலை எல்லாரும் வீட்டுக்குத் திரும்பலாம் என்று முடிவாயிற்று.

நான் அக்காவுக்கு போன் செய்தேன். பின்னால் யாரோ விசில் அடித்தார்கள், குழந்தைகள் பெஞ்சைத் தட்டினார்கள். “ஒன் மிஷினுக்கு ஒரு தேங்கா உடைக்கிறேன்டி,” என்றாள். நான் அழுதுவிட்டேன். நிம்மதிதான்.

ஞாயிறு

எழுத உட்கார்ந்ததால் வந்த வினை.

காலையில் வழக்கம்போல இரண்டு பத்தி எழுதினேன். தெரிந்தது: காந்தத்தைத் திருப்பியதும் கறை கிழக்கிலிருந்து மேற்குக்குப் போயிற்று. நினைப்பது: காந்தம் இல்லாத கறையைக் காட்டுகிறது.

முதலாவதிலிருந்து இரண்டாவது வருகிறதா? வரவில்லை. இன்னொன்றும் வருகிறது.

வளையத்தின் ஒரு ஓரத்தில் காந்தம் வேண்டியதைவிடப் பலமாக இருந்தால், லாரியும் சைக்கிள்போல வளையும். இல்லாத பொக்கை அங்கே தெரியும். சார் சொல்வது இதுதான். ஆனால் அந்த ஓரம் பலவீனமாக இருந்தால்? சைக்கிளும் லாரிபோல நேராகப் போகும். உண்மையான பொக்கை அங்கே மறைந்துவிடும். முதலில் மேற்கு மறைந்திருக்கும், கிழக்கு மட்டும் தெரிந்திருக்கும். திருப்பியதும் கிழக்கு மறைந்து மேற்கு தெரியும். திரையில் இதே படம்தான் வரும்.

அப்படியானால் மலையில் இரண்டு பக்கமும் பொக்கை. கறை எங்கும் போகவில்லை. ஒன்றை மூடி ஒன்றைத் திறந்திருக்கிறோம்.

நான் தப்பாக யோசிக்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன். டாக்டர் பட்டம் வாங்கியவர் பார்க்காததையா நான் பார்க்கப் போகிறேன்? நடுவில் வைத்து அளந்த காந்த அளவு சரியாகத்தான் இருந்தது, நானே குறித்தேன். ஓரத்தில் யாரும் அளக்கவில்லை. காந்தம் அளக்கும் கோல் அவ்வளவு தூரம் எட்டாது. மறுபடி மறுபடி எழுதிப் பார்த்தேன். இரண்டு வழியும் திறந்தேதான் இருந்தன.

எந்த வழி என்று தெரிய ஒரு இடம்தான் உண்டு. வளையத்தைக் கட்டும்போது பக்கவாட்டுக் காந்தக் கட்டி ஒன்று விளிம்பு உடைந்துபோய், மாற்றுக் கட்டி வைத்தார்கள். வைத்தவர் ஸ்டீபன் அண்ணன்.

சர்ச்சிலிருந்து வந்து கேன்டீனில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அந்த மாத்துக் கட்டி வைக்கும்போது எப்படி இருந்துச்சு?”

“ஏம்மா, கழண்டுடுச்சா?”

“இல்லண்ணே. சும்மா சொல்லுங்க.”

“அல்வா மாதிரி வழுக்கிட்டுப் போச்சு. மத்த கட்டியெல்லாம் ஆளை அடிக்க வரும், நாலு பேர் பிடிக்கணும்னு பயமுறுத்தி வச்சிருந்தாங்க. நான் ஒருத்தனே வச்சேன். சார் வந்து கை குடுத்தாரு தெரியுமா?”

பக்கவாட்டில் வைக்கும் கட்டியைச் சரியான பக்கமாக வைத்தால் வளையம் அதை எதிர்த்துத் தள்ளும். தலைகீழாக வைத்தால் தானே இழுத்துக்கொள்ளும். தலைகீழாக இருந்தால் அந்த ஓரத்தில் காந்தம் குறையும்.

“எந்தப் பக்கம் மேல வரணும்னு எப்படிப் பாத்தீங்க?”

“சிவப்புப் புள்ளி. வரைபடத்துலயே இருக்கே, சிவப்புப் புள்ளி மேல பாக்கணும்னு.”

இருவரும் கிடங்குக்குப் போனோம். மாற்றுக் கட்டிகளின் பெட்டியைத் திறந்தார். மேலே தெரிந்த முகங்களில் எல்லாம் சிவப்புப் புள்ளி. துரு ஏறாமலிருக்கத் தடவிய எண்ணெயில் ஊறி, காய்ந்து, பெயின்ட் மாதிரியே பளபளத்தது. அவர் ஒரு கட்டியை மரச் சட்டத்தோடு புரட்டினார். அடியில் இன்னொரு சிவப்புப் புள்ளி. நான் மேலே இருந்ததை நகத்தால் சுரண்டினேன். நகத்தோடு வந்தது. முகர்ந்தேன். குங்குமம். அடியில் இருந்ததுதான் பெயின்ட்.

ஆயுத பூஜை. கேன்டீன் மாஸ்டர் கிண்ணத்தில் சந்தனமும் குங்குமமும் குழைத்துக்கொண்டு கம்ப்யூட்டர், கப்பி, ஜீப், ஸ்பானர் என்று ஒன்று விடாமல் வைத்துக்கொண்டே போனார். திறந்திருந்த பெட்டியில் எந்த முகம் மேலே இருந்ததோ அதில் வைத்தார். சாமிக்கு வைத்ததைத் துடைக்கக் கூடாது என்று எவரும் துடைக்கவில்லை. அன்று இருந்தவர்களுக்கு அது குங்குமம் என்று தெரியும். ஸ்டீபன் அண்ணன் வேலைக்குச் சேர்ந்தது அடுத்த வாரம்.

“எனக்கு யாரும் சொல்லலயேம்மா,” என்றார். பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார். “அந்தச் சனம் இப்ப எங்க இருக்கு? மேக்கு ஸ்கூல்லயா?”

“ஆமா.”

“ஏசப்பா.”

சாரின் வீட்டுக் கதவைத் தட்டினேன். நின்றபடியே சொன்னேன், இரண்டு இடத்தில் குழறினேன். அவர் குறுக்கே பேசவில்லை. சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். காந்தம் அளக்கும் கோலை ஒரு மூங்கிலில் கட்டி வளையத்தின் ஓரம்வரை விட்டோம். ஒரு ஓரத்தில் எண் சரியாக நின்றது. மறு ஓரத்தில் விழுந்துகொண்டே போயிற்று. சார் மூங்கிலை இழுத்து, மறுபடி விட்டார். மறுபடியும் விழுந்தது.

“நேத்து நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் பாரு,” என்றார். “அப்பவே எனக்குத் தோணியிருக்கணும்.”

தாசில்தாரிடம் அவர் பேசியது பாதிதான் கேட்டது. அந்தப் பக்கக் குரல் நன்றாகவே கேட்டது. “அன்னிக்கு கிழக்கு மோசம்னீங்க. நேத்து எல்லாம் நல்லா இருக்குன்னீங்க. இன்னிக்கு ரெண்டும் மோசம்ங்கறீங்க. நாளைக்கு என்ன சார் சொல்வீங்க? பஸ் அனுப்பறேன். ஆனா ஜனங்ககிட்ட நீங்களே வந்து சொல்லுங்க. என்னால மறுபடி போய் நிக்க முடியாது.”

திங்கள்

காலையில் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் மூட்டை கட்டிவிட்டிருந்தார்கள். வீட்டுக்குப் போகும் மூட்டை. சிலர் தலையில் தூக்கியும் விட்டார்கள். கொடிக்கம்பத்தின் அருகே நின்று சார் பேசத் தொடங்கினார். “கருவியின் ஒரு பகுதியில் ஏற்பட்ட பிழை காரணமாக, இரு சரிவுகளிலும் நிலையற்ற தன்மைக்கான வாய்ப்பு...”

“என்னா சொல்றாரு?” என்று பின்னாலிருந்து ஒரு அம்மா கேட்டார்.

“வாய்ப்பாம்,” என்றார் பாலகுரு மாமா. “லாட்டரிச் சீட்டு விக்கிறாரு. தவமணி, நீ வா முன்னாடி. நம்ம லயத்துப் பொண்ணுதானே நீ? நீ சொல்லு.”

சார் என்னைப் பார்த்தார். தலையசைத்தார்.

நான் எதையும் ‘இருக்கலாம்’ என்று சேர்க்காமல் சொன்னதில்லை. கடையில் ‘அரைக் கிலோ போதும்னு நினைக்கிறேன்’ என்று சொல்லிப் பழகியவள்.

“மிஷின் ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாத்திருக்கு,” என்றேன். “ரெண்டு பக்கமும் உள்ள பொக்கை. அங்கயும் போகக் கூடாது, இங்கயும் இருக்கக் கூடாது. டவுன்ல கல்யாண மண்டபத்துல இடம் சொல்லியிருக்கு. பஸ் நிக்குது.”

“அப்ப மலை விழுமா?”

“தெரியாது.”

“எப்ப விழும்?”

“தெரியாது.”

“தெரியாதத சொல்றதுக்கு சம்பளம் குடுக்கறாங்களா? எனக்கும் ஒரு வேலை வாங்கிக் குடு.” கூட்டம் சிரித்தது. ஒருத்தர் காறித் துப்பினார். இன்னொருத்தர் எஸ்டேட் ஆட்களிடம் நாங்கள் காசு வாங்கிவிட்டதாகவும், லயத்தைக் காலி செய்ய இதெல்லாம் நாடகம் என்றும் கத்தினார். ஸ்டீபன் அண்ணன் முன்னால் வந்து, “தப்பு என்னோடது” என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். சார் அவர் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். கூட்டம் அவரை என்ன செய்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். கோபத்தில் அவள் மூக்கு சிவந்திருந்தது.

“முந்தாநேத்து அழுது அழுது நல்லா இருக்குன்னு சொன்னவளும் நீதானே?”

“ஆமா.”

“இதுவும் தப்பா இருந்தா?”

“தப்பா இருந்தா நல்லதுக்கா.”

என்னையே பார்த்தாள். பிறகு திரும்பி, “சனியன், இதுகூடப் பொறந்ததுக்கு இன்னும் என்னென்ன பாக்கணுமோ” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போய் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு பாட்டரி விளக்கைத் தூக்கிக்கொண்டு மாமா ஏறினார். அதன் பிறகுதான் மற்றவர்கள் ஏறினார்கள், திட்டிக்கொண்டே.

புதன்

கட்டியைத் திருப்பி வைத்தோம். சரியான பக்கமாக வைக்க நான்கு பேர் தேவைப்பட்டார்கள். மர ஆப்பு ஒன்று முறிந்தது. அது எதிர்த்துத் தள்ளத் தள்ள ஸ்டீபன் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, “தள்ளு, நல்லா தள்ளு, நீ இப்படித்தான் அன்னிக்கே தள்ளியிருக்கணும்” என்று அதனோடு பேசினார்.

டிசம்பர், ஒரு வியாழன்

புதுப் படம் தெளிந்துவிட்டது. கிழக்கிலும் கறை, மேற்கிலும் கறை. மூடிய கண் திறந்துவிட்டது. நான் நினைத்தது சரி. இப்படி ஒரு சரியை நான் விரும்பியிருக்க மாட்டேன்.

மழை நின்றுவிட்டது. மலை விழவில்லை.

கல்யாண மண்டபத்தில் ஒரு முகூர்த்தம் இருக்கிறதாம். வாடகைக்கு எடுத்தவர்கள் வந்து நின்றுகொண்டு, சமையல்கட்டை எப்போது விடுவீர்கள் என்று கேட்டார்கள். வேறு இடம் பார்க்கிறோம் என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்தபோதே எல்லாரும் லயத்துக்குத் திரும்பிவிட்டார்கள். கொழுந்து முற்றிப் போகிறது, கூலி வேண்டும். வெயில் அடிக்கிறது. யாரைத் தடுக்க முடியும்?

மேலிடத்திலிருந்து ஒருவர் வந்தார். ஒரே மலைக்கு இரண்டு முறை ஊரைக் கிளப்பினோம், ஒன்றும் நடக்கவில்லை. கருவியை வேறு மாவட்டத்து மலைக்குக் கொண்டுபோக உத்தரவு. இந்திரகுமார் சார் எவ்வளவோ சொன்னார். “சார், படத்தைப் பாருங்க, ரெண்டு பக்கமும்” என்றார். வந்தவர் படத்தைப் பார்த்துவிட்டு, “இதுதான் சரியான படம்னு எப்படிச் சொல்றீங்க? இதுக்கு முன்னாடி ரெண்டு இருந்துச்சே” என்றார்.

அது நியாயமான கேள்வி. அதனால்தான் எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை.

அதே வாரம், ஞாயிறு

கட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெட்டியில் அடுக்கினோம். லாரி காலையில் போய்விட்டது. ஸ்டீபன் அண்ணனும் சாரும் அதோடு போய்விட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், சம்பளமும் கூடுதல். வகுப்பு இங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அது முழு உண்மை இல்லை.

பையை எடுத்துக்கொண்டு மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். லயத்தில் எல்லாரும் வெயிலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“மிஷின் போயிடுச்சாமே?” என்றார் மாமா. “நல்லதாப் போச்சு. இனிமே நிம்மதியாத் தூங்கலாம்.”

“அடுத்த மழை முடியிற வரைக்கும் இங்கயே இருக்கேன்க்கா,” என்றேன்.

“இருக்கிற ஒரு ரூம்ல நீ எங்கடி படுப்ப?” மலைப் பக்கச் சுவரைக் காட்டினேன். அக்கா சிரித்தாள். “மிஷின் இல்லாம நீ என்னத்தப் பாக்கப் போற?”

“தெரியல.”

“சரி, இப்பவாச்சும் சொல்லு. மலை விழாதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. உங்க மாமா கேட்டா சந்தோஷப்படுவாரு.”

நான் பையை மலைப் பக்கச் சுவரோரமாகத் தள்ளி வைத்தேன். மாமா பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வெளியே போனார். அக்கா கொஞ்ச நேரம் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். அரிசி களைந்தாள். குழந்தை மலைப் பக்க விட்டத்தில் கட்டியிருந்த தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அக்கா எழுந்தாள். குழந்தையை எடுத்து என் மடியில் போட்டாள். முக்காலியில் ஏறித் தூளியை அவிழ்த்து, வாசல் பக்க விட்டத்தில் கட்டினாள். இழுத்துப் பார்த்தாள். இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

“அந்தப் பக்கம் காத்து வரமாட்டேங்குது,” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.